யானை முத்திரை

குரங்குகளுக்குக் கணக்குத் தெரியாது.
பாலை மரத்திலிருந்து முகட்டுக்கு ஒரு பாய்ச்சல்,
முகட்டிலிருந்து கொய்யாவுக்கு இன்னொன்று.
இடையில் உடையும் ஓடுகளை
நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஆடியில் பதினாறு.
ஆவணியில் ஒன்பது.
புரட்டாதியில் எண்ணுவதை விட்டுவிட்டுச்
சட்டி வைத்தேன்.

சட்டியும் வாளியும் போதாமல்
சோத்துப்பானை கட்டிலில் ஏறிய இரவு
சுபோதினி சொன்னாள்:
"மாரி இறுக முதல் தகரம் போடுவம்.
நீலம்."
மல்லாவிச் சந்தியில் விலை கேட்டேன்.
லோன்காரப் பெடியன்
கையெழுத்துக்கு மூன்று இடம் காட்டினான்.

தவச்செல்வம் மேசன் ஏணியோடு வந்தார்.
கூட வந்த றொக்சன்
சிலாகைமேல் பூனை நடை நடந்தான்.
அவன் கையிலிருந்து மேசன் கைக்கு,
மேசனிடமிருந்து எனக்கு,
என்னிடமிருந்து வேப்பமரத்தடிக்கு
ஒவ்வோர் ஓடாய் இறங்கியது கூரை.
பாசி. வௌவால் எச்சம்.
பஞ்சும் நாரும் திணித்த ஓர் அணில் கூடு.

மத்தியானம் கிட்ட
மேசன் ஓர் ஓட்டைப் புரட்டிப் பார்த்தபடி நின்றார்.
அடிப்பக்கத்தில்
தும்பிக்கை தூக்கிய சின்ன யானை.
"அந்தப் பக்கம் முழுக்கக் குதிரை,
இந்தப் பக்கம் முழுக்க யானை.
ரெண்டு கொம்பனி என்னெண்டு ஒரு கூரையிலை?"

நான் செம்பைத் தூக்கித்
தண்ணீர் குடித்தேன்.
நிறையக் குடித்தேன்.

இரண்டாயிரத்துப் பத்து.
முகாமிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவந்து இறக்கிவிட்டபோது
எங்களுக்குச் சுவர் நாலும் இருந்தன,
கூரையில் பாதி இல்லை.
பக்கத்து வளவில் கூரை இருந்தது,
ஆட்கள் இல்லை.
திலகவதியக்கா குடும்பம்
மன்னாரால் படகேறிப் போய்
மண்டபத்தில் என்று கதை.
இரண்டு இரவு எடுத்தது.
ரோச் அடிக்கவில்லை.
சுபோதினி கீழே நின்று மடியில் வாங்கினாள்.
களவு என்ற சொல்லை
இரண்டு பேரும் தொடவில்லை.
"எடுத்துவைப்பம்" என்றோம்.

எடுத்துவைத்ததற்குக் கீழே
பதினாலு வருடம் நனையாமல் படுத்தோம்.

போன தையில் அக்கா திரும்பி வந்தா.
அதே வளவில், தறப்பாளுக்குக் கீழே.
வேலிக்கு மேலால் முருங்கைக்காய் தந்தா,
சீனி கடன் கேட்டா,
எங்கள் கூரையை மட்டும்
ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
அதுதான் என்னை அரித்தது.

யானைகளைத் தனியாய் அடுக்கினேன்.
இருநூற்றிப் பன்னிரண்டு.
உடைந்ததுகளுக்குக் காசை மடித்துப்
பொக்கற்றில் வைத்தேன்.
வேலியைச் சுற்றி வரும் தூரத்துக்கு
லான்ட்மாஸ்ரர் பிடித்து
வைக்கோல் பரப்பி ஏற்றினேன்.

அக்கா ஓர் ஓட்டைப் புரட்டினா.
யானையை விரலால் தடவினா.
பிறகு சிரித்தா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"இது எங்கடை இல்லையடா தம்பி.
சங்கக்கடைக்குச் செல் விழுந்த கிழமை
அவர்தான் ரெண்டு வண்டில் ஏத்திவந்தவர்.
'எடுத்துவைப்பம்' எண்டவர்.
நீ கொண்டுபோ.
எனக்கு வீட்டுத்திட்டத்திலை சீற்றுத்தானாம்."

காசை நீட்டினேன்.
காசை வாங்கினா.
எண்ணியும் பார்த்தா.

சங்கக்கடை இருந்த இடத்தில்
இப்போது போன் றீலோட் கடை.
அவன் கூரை கொங்கிறீற்.
பெடியன் பிறந்தது சண்டை முடிந்த பிறகு.
அவனிடம் போய்
யானையைப் பற்றி எப்படித் தொடங்குவது?
ஐம்பது ரூபாய்க்கு றீலோட் போட்டுக்கொண்டு
திரும்பி வந்தேன்.

நீலத்தகரம் ஏறிவிட்டது.
குரங்கு பாய்ந்தால் இடி விழுகிறது,
ஒன்றும் உடைவதில்லை.
முதல் மழைக்குச் சுபோதினி
பழக்கதோஷத்தில் சட்டியை எடுத்து
அங்கும் இங்கும் பார்த்துவிட்டு
அடுப்படியில் கவிழ்த்தாள்.

வேப்பமரத்தடியில் யானைகள் இருக்கின்றன.
நேற்று எண்ணினேன், இருநூற்றி நாலு.
இன்று விடிய நூற்றித் தொண்ணூறு.
யாரோ எடுத்துவைக்கிறார்கள்.

இரவு நாய் குரைத்தது.
ரோச் தலைமாட்டில்தான் கிடந்தது.
நான் அடிக்கவில்லை.